சம்பளம் இல்லாமல் வேலை செய்தால் சம்பள வேலை கிடைக்குமா?

பி.காம். முடித்து 14 மாதம் ஆகிறது, டேலி கணக்கு மென்பொருள் தெரியும், எங்கே போனாலும் "அனுபவம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் வாலண்டியராகச் சேரச் சொல்கிறாள் தோழி. "காசு இல்லாத வேலைக்குப் போய் என்ன ஆகப் போகுது" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஊர் திண்டுக்கல் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

நான் கோவையில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் 11 வருடமாக ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து ஏதாவது ஒரு தன்னார்வப் பணியிலும் இருந்து வருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: சான்றிதழ் வாங்குவதற்காகப் போனால் உங்கள் அப்பா சொல்வதுதான் நடக்கும். ஒரே இடத்தில், ஒரு பொறுப்பை உங்களுடையதாக எடுத்துக்கொண்டு ஆறேழு மாதம் பார்த்தால் தோழி சொல்வது நடக்கும். அந்த ஆறேழு மாதத்தில் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கூட இருந்து பார்த்த ஒருவர் இருப்பார் இல்லையா, வேலை அவர் மூலமாகத்தான் வரும். சான்றிதழ் மூலமாக வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஃப்ரெஷர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் எங்களுக்கு இரண்டு நாளில் 300 ரெஸ்யூமே வந்துவிடும். பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோருக்கும் பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 21 வயது வரை வீடு, கல்லூரி, பஸ் ஸ்டாப் என்று இருந்தவர்களிடம் எழுத வேறு என்ன இருக்கும்? ஆனால் நாங்கள் இன்டர்வியூவில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. சொன்ன நேரத்துக்கு வருவாரா, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வாரா, முன்பின் அறியாத ஆளிடம் தயங்காமல் பேசுவாரா, யாரும் பார்க்காதபோதும் வேலையைச் சரியாகச் செய்வாரா. மார்க் ஷீட்டில் இது எதுவும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன்பு மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் படிவங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு ஒரு பெண் வந்தார். மார்க் சுமார்தான். ரெஸ்யூமேவின் கடைசியில் "ஸ்க்ரைப், 23 தேர்வுகள்" என்று ஒரு வரி இருந்தது. பார்வையற்ற மாணவர்கள் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருபவரைத்தான் ஸ்க்ரைப் என்பார்கள். மத்திய அரசின் விதிமுறைப்படி அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் நாலு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கை ஓயாமல் எழுத வேண்டும்.

"இதில் எது கஷ்டம்?" என்று கேட்டேன். கை வலி என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "அவங்க தப்பான விடை சொல்றப்போ, எனக்குச் சரியான விடை தெரிஞ்சாலும் அவங்க சொன்னதையே எழுதணும். முகத்துல, குரல்லகூட காட்டிடக் கூடாது. அதுதான் மேடம் கஷ்டம்." அப்புறம் தானாகவே சொன்னார்: "கணக்குப் பேப்பர்ல ஒரு புள்ளியை நான் விட்டாலும் போறது அவங்க மார்க். அதனால ஒவ்வொரு பக்கமும் முடிஞ்சதும் திரும்பப் படிச்சுக் காட்டிடுவேன்."

கிளெய்ம் சரிபார்க்கிறவர் செய்ய வேண்டிய வேலையே இதுதான். டாக்டர் எழுதியதை எழுதியபடி பதிய வேண்டும், தன் ஊகத்தை நடுவில் கலக்கக் கூடாது, முடித்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆகும். அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே எடுத்துக்கொண்டோம். இப்போது அவருக்குக் கீழே 12 பேர் இருக்கிறார்கள். இன்னமும் சனிக்கிழமைகளில் தேர்வெழுதப் போகிறார், அதற்கு ஏற்றபடி ஷிப்ட் மாற்றிக் கொடுப்போம். அந்த ஒற்றை வரி இல்லாமல் இருந்திருந்தால் நான் அவரை இன்டர்வியூவுக்கே கூப்பிட்டிருக்க மாட்டேன் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சமூகச் சேவைக்கான அரசு அமைப்பு 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்து வருடத் தரவுகளை வைத்து, 70,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து எழுதியது. வேலையில்லாமல் இருந்தவர்களில் தன்னார்வப் பணி செய்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 27 சதவீதம் அதிகமாக இருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடம் அது 51 சதவீதம், கிராமப்புறங்களில் 55 சதவீதம். படிப்பும் தொடர்பும் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் கைகொடுத்தது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் இதில் ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். வீட்டில் சும்மா உட்காராமல் தொண்டு செய்யக் கிளம்புகிறவர் இயல்பிலேயே சுறுசுறுப்பானவராக இருக்கலாம், அதனாலேயே வேலையும் கிடைத்திருக்கலாம். பெல்ஜியத்தில் இதைச் சோதிக்கக் கற்பனைப் பெயர்களில் வேலை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். சிலவற்றில் மட்டும் தன்னார்வப் பணியைச் சேர்த்தார்கள். சேர்த்த விண்ணப்பங்களுக்கு இன்டர்வியூ அழைப்பு அதிகம் வந்தது. பிரிட்டனில் வருடக்கணக்காகக் குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்களோ, வேலைக்குள் நுழைவதற்கே லேசான உதவிதான், வேலையில் மேலே போவதற்குப் பயன் தெரியவில்லை என்றார்கள். மூன்றையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது, இது கதவைத் திறக்கும், உள்ளே போன பிறகு சம்பளம் ஏறுவது வேறு கதை. உங்களுக்கு இப்போதைக்குக் கதவு திறந்தால் போதுமே.

கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தேன், அதைப் போடலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போடுகிற மாதிரி போடாதீர்கள். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். முழுதாகச் செய்தால் அது நல்ல பயிற்சி. ஆனால் "என்.எஸ்.எஸ். தொண்டர், 2 ஆண்டுகள்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கோயில் குளத்தைச் சுத்தம் செய்து போட்டோ எடுத்துக்கொண்ட நினைவுதான் எல்லோருக்கும் வரும்.

அந்த ஏழு நாள் முகாமில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தெரியாத ஊரில் 50 பேர் தங்க வேண்டும். பள்ளிக்கூடச் சாவியை வாங்க வேண்டும், பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க வேண்டும், தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஒதுக்கிய தொகைக்குள் முடிக்க வேண்டும். இரண்டாம் நாளே அரிசி தீர்ந்தால் யார் ஓடுவது? முகாமில் ஒவ்வொரு வேலையையும் யாரோ ஒருவர் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் எதைப் போட்டுக்கொண்டீர்கள்? மளிகைக் கணக்கு எழுதினேன், கடைசி நாளில் பில்லும் மிச்சப் பணமும் சரியாக ஒப்படைத்தேன் என்றால் அதை எழுதுங்கள். ஒரு பி.காம். பட்டதாரி அப்படிச் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

அரசு வேலை பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து ஆள் எடுப்பது. அங்கே எவ்வளவு சேவை செய்திருந்தாலும் மார்க் ஏறாது. ஐ.ஏ.எஸ். தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு உண்டு. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய ஈடுபாடுகளிலிருந்து கேள்வி வரும், உண்மையாகச் செய்திருந்தால் அங்கே பேச விஷயம் இருக்கும். நேரடியான சலுகை என்றால் அது பெரும்பாலும் என்.சி.சி.க்குத்தான். பட்டதாரிகளில் 'சி' சான்றிதழ் உள்ளவர்கள் ராணுவ அதிகாரிப் பணிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகலாம். என்.எஸ்.எஸ்.ஸையும் இதையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பி.காம். படித்திருக்கிறீர்கள். மரம் நடுவதும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதும் நல்ல காரியம்தான், மனசுக்காக எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் கணக்கு வேலை தேடுகிறவர் கணக்கு வேலையையே தன்னார்வமாகச் செய்ய வேண்டும். அதற்கு ஆள் இல்லாமல் தவிக்கிற இடங்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. அப்போதிருந்தே திண்டுக்கல், மதுரை வட்டாரத்தில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ தொண்டு அமைப்புகள் வேரூன்றிவிட்டன. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பள்ளி, மகளிர் குழுக்களுக்கு உதவும் அமைப்பு என்று விசாரித்தால் பத்து இடமாவது தெரியவரும்.

சின்ன டிரஸ்ட்களின் அலுவலகம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பொருளாளராக இருப்பார். நேர்மையில் குறையே இருக்காது. ஆனால் வவுச்சர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும், நன்கொடை ரசீதுப் புத்தகத்தில் பாதிப் பேருக்கு பான் எண் இருக்காது, பேங்க் பாஸ்புக்குக்கும் கேஷ் புக்குக்கும் ஆறு மாதமாக ஒத்துப்போகாது. முன்பெல்லாம் வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டால் அவர் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள். இப்போது அது நடக்காது. நன்கொடை கொடுப்பவருக்கு வரிவிலக்கு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு உள்ள டிரஸ்ட் 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடை கொடுத்தவர்களின் விவரங்களை 10பி.டி. என்ற படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பி.இ. சான்றிதழ் எடுத்துத் தர வேண்டியதாகிவிட்டது. தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கியிருந்தால் கொடுத்தவருக்கு வரிவிலக்கு கிடையாது, அதைக் கேட்டு அவர் சண்டைக்கு வருவார். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற இடமாக இருந்தால் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளையில் தனிக் கணக்கு, தனிப் புத்தகம். வரிச் சட்டம் மாறிப் படிவத்தின் எண் மாறினாலும் வேலை இதே வேலைதான்.

இதில் ஒரு வருடம் உட்கார்ந்து எழுந்தால் என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருப்பீர்கள்? கேஷ் புக், அதை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது, பணம் கொடுக்கும்போதே வரி பிடிக்கும் டி.டி.எஸ்., ஆடிட்டுக்குத் தேவையான அட்டவணைகள், வருமான வரி இணையதளத்தில் தாக்கல் செய்வது. கல்லூரியில் டேலி பழகியபோது எல்லாக் கணக்கும் புத்தகத்தில் போட்டபடி ஒத்துப்போயிருக்கும். இங்கே ஒத்துப்போகாது. 340 ரூபாய் எங்கே போனது என்று இரண்டு நாள் தேடுவீர்கள். அந்தத் தேடலைத்தான் "அனுபவம்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்னொன்று, டிரஸ்டின் ஆடிட்டர் வருடா வருடம் வருவார். வழக்கமாக அவருக்குக் கிடைப்பது பிஸ்கட் டப்பா. இந்தத் தடவை வரிசையாக எண் போட்டு, தேதிவாரியாகக் கோத்த வவுச்சர் ஃபைல் கிடைத்தால் "இதைப் பண்ணது யார்?" என்று கட்டாயம் கேட்பார். ஆடிட்டர் ஆபீஸ்களில் எப்போதும் ஆள் தேவை இருக்கும். அவருக்குத் தெரிந்த மில்லிலும் கடையிலும் கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து இப்படியே இரண்டு பேர் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனார்கள். இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டதே இல்லை.

எல்லோருக்கும் கணக்கு கிடையாதே என்றால், மற்றவர்களுக்கும் இதே வழிதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது படகு ஓட்டியவர்களை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் உட்கார்ந்து, உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து "உங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா, இன்னும் மாடியிலதான் இருக்கீங்களா?" என்று கேட்டு அட்டவணையில் குறித்தவர்களைப் பலருக்குத் தெரியாது. நேற்றே காப்பாற்றப்பட்டவருக்கு இன்றைக்குப் படகு போகாமல் தடுத்தது அவர்கள்தான். கால் சென்டரிலும் லாஜிஸ்டிக்ஸிலும் ஆபரேஷன்ஸிலும் தேடுகிற திறமை அது. ஆனால் அது ஒரு வாரத்தோடு நின்றுவிட்டால் இன்டர்வியூவில் சொல்ல ஒரு நல்ல சம்பவம் கிடைக்கும், அதற்கு மேல் கொஞ்சம்தான். கண் சிகிச்சை முகாமில் மாதா மாதம் பதிவு மேசையில் உட்காருகிறவருக்கு அதைவிட அதிகம் கிடைக்கும்.

கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது மாலையில் தங்கள் தெருவில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஏராளமான பெண்கள் முன்வந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, அவ்வளவுதான். பி.எட். முடித்துப் பத்து வருடம் அடுப்படியில் இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் வேலை கேட்டு வந்த இரண்டு மூன்று பேரைப் பார்த்தேன். பேசும்போது குரலில் இருந்த தெளிவு, 20 பிள்ளைகளைச் சமாளித்ததிலிருந்து வந்தது. "பத்து வருஷம் சும்மா இருந்தேன்" என்று சொல்லாமல் "போன மாசம் வரைக்கும் வகுப்பு எடுத்தேன்" என்று சொல்ல முடிந்தது. அமெரிக்காவில் கணவரின் விசாவோடு, எச்-4-ல் போய் வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருக்கும் நம் பெண்கள் பலர் நூலகத்திலும் தமிழ்ப் பள்ளியிலும் உதவி செய்வது இதே காரணத்துக்காகத்தான். அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு: லாப நோக்கமில்லாத இடத்தில், உண்மையிலேயே தன்னார்வலர்கள் செய்கிற வேலையாக இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை ஒரு கம்பெனியில் இலவசமாகச் செய்தால் விசாவுக்கே சிக்கல் வரும்.

ஐ.டி. பக்கம் போகிறவர்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத இடம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். பிழையைக் கண்டு சொல்வது, உதவிக் குறிப்புகளை எழுதுவது, தமிழாக்குவது என்று தொடங்கலாம். செய்ததெல்லாம் அந்த மென்பொருள்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தேதியோடு நிற்கும். 2003-லிருந்து இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படித்தான். எழுத்து, மொழிபெயர்ப்பு, உள்ளடக்க வேலை தேடுகிறவர் தன் பயனர் பக்கத்தைக் காட்டினால் ஒவ்வொரு திருத்தத்தையும் நான் திறந்து பார்க்கலாம். சிபாரிசுக் கடிதமே தேவையில்லை.

தொண்டு நிறுவனத்திலேயே வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் வரும் இடங்களில் களப் பணியாளர், கணக்காளர், அறிக்கை எழுதுகிறவர் எல்லோரும் தேவை. முதலில் கூப்பிடுவது ஏற்கனவே வந்து போகிற தன்னார்வலரைத்தான், ஏனென்றால் அவரைப் பற்றிப் புதிதாக விசாரிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் அப்பா சொன்னது. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் இல்லாமல் முழு நேரம் உழைப்பது வீட்டில் அடுத்த வேளைக்கு இருக்கிறவர்களால் முடியும். வீட்டுக்குப் பணம் தேவை என்றால் ஜவுளிக் கடையோ சூப்பர் மார்க்கெட்டோ, கிடைத்த வேலைக்கு முதலில் போங்கள். டிரஸ்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போதும். வாரம் மூன்று மணி நேரம், ஒரு வாரம்கூடத் தவறாமல் ஒரு வருடம் என்பது ஒரு மாதம் தினமும் போய்விட்டு நின்றுவிடுவதைவிடப் பெரிய விஷயம். என்னைக் கேட்டால் தன்னார்வப் பணியில் நான் முதலில் பார்ப்பதே அந்தத் தொடர்ச்சியைத்தான்.

ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. லாபத்துக்கு நடக்கும் கம்பெனி "வாலண்டியர்" என்றோ "அன்பெய்ட் இன்டர்ன்" என்றோ சொல்லி எட்டு மணி நேரம் டேட்டா என்ட்ரி செய்யச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அது தொண்டு கிடையாது. சான்றிதழுக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிற இடமும் வேண்டாம். சேர்ந்ததும் மாதம் இத்தனை ரூபாய் நன்கொடை வசூலித்துத் தர வேண்டும் என்று இலக்கு வைக்கிற இடங்களில் நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. குழந்தைகள் இருக்கும் இல்லத்துக்குப் போனால் உங்களைப் பற்றி விசாரித்து, அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோபப்படாதீர்கள், அது நல்ல இடம் என்பதற்கு அடையாளம். கணக்கு வேலையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடக்காத செலவுக்கு வவுச்சர் எழுதச் சொன்னால், முன்தேதி போட்டு ரசீது கிழிக்கச் சொன்னால், அன்றோடு நின்றுவிடுங்கள். சம்பளம் இல்லை என்பதற்காகக் கையெழுத்தின் பொறுப்பு குறையாது.

ரெஸ்யூமேவில் எழுதுவது பற்றி. இதைக் கடைசிப் பக்கத்தில் பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள். அனுபவம் என்ற தலைப்பின் கீழேயே போடுங்கள், "கணக்கு உதவி (தன்னார்வம்)" என்று நேர்மையாகக் குறிப்பிட்டு. "சமூக சேவையில் ஆர்வம் உள்ளவர்" என்பதால் ஒரு பயனும் இல்லை. "வாரம் 3 மணி நேரம், 10 மாதம், 6 மாதம் ஒத்துப்போகாமல் இருந்த வங்கிக் கணக்கை ஒத்துப் பார்த்துச் சரிசெய்தேன், 140 நன்கொடையாளர்களின் விவரங்களைத் திரட்டி மே 31-க்குள் படிவம் தாக்கல் செய்ய உதவினேன்" என்று எழுதினால் நான் கூப்பிடுவேன். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், பிறகு நினைவிலிருந்து எடுக்க முடியாது. கீழே பொருளாளரின் பெயரும் நம்பரும், அவரிடம் கேட்டுவிட்டு. நாங்கள் போன் செய்வோம். "நல்ல பொண்ணு" என்று மட்டும் அவர் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. "மழையிலும் வந்தாள், கணக்கில் என் தப்பையே எடுத்துச் சொன்னாள்" என்று அவர் சொல்லும்படி நீங்கள் நடந்திருக்க வேண்டும்.

வேலை தேடுகிறேன் என்பதை அங்கே மறைக்காதீர்கள். முதல் நாளே சொல்ல வேண்டாம், இரண்டு மூன்று மாதம் போகட்டும். அதற்குள் அவர்களே கேட்டுவிடுவார்கள். ஆடிட்டர் வரும் நாளில் கட்டாயம் அங்கே இருங்கள்.

போய்க் கேட்கும்போது "வாலண்டியராகச் சேர வந்திருக்கிறேன், என்ன வேலை இருக்கு?" என்று கேட்காதீர்கள். என்ன கொடுப்பது என்று தெரியாமல் போட்டோ எடுக்கவோ போஸ்டர் ஒட்டவோ சொல்லிவிடுவார்கள். "நான் பி.காம்., டேலி தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் வருவேன். நன்கொடை ரசீதையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்த்துத் தரட்டுமா?" என்று கேளுங்கள். போன இடத்தில் பணக் கணக்கை முன்பின் அறியாத ஆளிடம் கொடுக்கத் தயங்கினால், அது நியாயம்தான், பழைய ரசீதுகளை வரிசைப்படுத்துவதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போங்கள். வருடக் கணக்கை முடிக்க வேண்டும், மே 31 வேறு நெருங்கும். அந்த நேரத்தில் டேலி தெரிந்த ஒருவர் வாசலில் வந்து நின்றால் எந்தப் பொருளாளரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.